கழுத்தளவு

பதினாலரை.
கலியாணச் சேர்ட்டுக்கு நான்தான் அளவெடுத்தது.
ஒரு விரல் இடம் விடுறது வழக்கம்,
அவருக்கு ரெண்டு விட்டன்.
மெல்லிய ஆள்,
சிரிச்சால் தொண்டைக்குமிழ் ஏறி இறங்கும்.

பிறகு பதினைஞ்சேகால். பதினாறு.
குருநகரில இருந்து கொழும்புக்கு
மீன் லொறி ஓடத் தொடங்கின வருசம் பதினாறரை.
பழைய கொலரை அறுத்துப் புதுசு வைச்சன்.
வீட்டுக்கு வந்த செழிப்பெண்டு நினைச்சன்.

சத்தம் எந்த வருசம் வந்ததெண்டு சொல்லேலாது.
முதல் ஒரு பூனை.
பிறகு மணலில வள்ளம் இழுக்கிற மாதிரி.
தொடர்மாடிச் சுவர் மெல்லிசு.
"கிளமெந்தண்ணை வீட்டுக்குள்ளயும் லொறி ஓடுறாரோ?"
குழாயடியில றெஜினா கேட்டாள்.
சிரிச்சுவிட்டன்.

சிரிக்கேலாதது அந்த நிப்பாட்டுக்கு.
இழுத்து, இழுத்து, இழுத்து,
ஒண்டுமில்லை.
நெஞ்சு மட்டும் எக்கும்,
நூலறுந்தது தெரியாமல்
வெறுந்துணியில ஊசி ஓடுற மாதிரி.
நான் எண்ணுவன்.
எண்ணப் பழகினது சின்னனில.
மண்டைதீவில குத்துற சத்தம் கேட்டால்
விழுமட்டும் எண்ணுறது.
அப்ப சத்தம் வரக்கூடாதெண்டு எண்ணினன்.
இப்ப வரோணுமெண்டு.

இருபத்தைஞ்சில முழங்கையால இடிப்பன்.
ஒரு முறிவோடை மூச்சுத் திரும்பும்.
விடிய எழும்பித் தலையிடி எண்டுவார்,
நல்ல நித்திரை எண்டும் சொல்லுவார்.

மாங்குளம் தாண்டி ஒரு மதகில
லொறி ஏறி நிண்டது.
ஆளுக்கு ஒண்டுமில்லை. றோட்டெல்லாம் ஐசும் இறாலும்.
பொலிஸ் வாயை மணந்து பாத்தது. குடிக்கேல்லை.
கண் மூடினது தனக்கே தெரியாதாம்.

பெரியாஸ்பத்திரி, காது மூக்குத் தொண்டை,
நம்பர் எழுபத்திரண்டு.
டொக்டர் பிள்ளை வாய்க்குள்ள லைற் அடிச்சா.
உள்நாக்குத் தொங்குது, நாக்கும் பெரிசு,
மூக்குத் தண்டு கொஞ்சம் வளைவு எண்டா.
பிறகு லாச்சியைத் திறந்து ஒரு ரேப் எடுத்தா.
என்ர ரேப்பை மாதிரியே, மஞ்சள், அறுபது அங்குலம்.
அவ சுத்த முதல் நான் சொன்னன்:
பதினேழேமுக்கால்.
சுத்தினா. பதினேழேமுக்கால்.

பதினேழு தாண்டினால் நாங்கள் யோசிப்பம், எண்டா.
நித்திரையில தசை தளரும்,
கழுத்துச் சதை சுத்தி நெருக்கும்,
காத்துப் போற வழி பொத்திக்கொள்ளும்.
வெளிக் கொலருக்குப் பட்டன் இருக்கு.
இது உள்ளுக்க இறுகிற கொலர்.
இருபது வருசமா நோய்க்கு அளவெடுத்து
அதுக்கேத்த மாதிரித் தைச்சும் குடுத்திருக்கிறன்.

"மூச்சு எவ்வளவு நேரம் நிண்டது?"
"கூடினது முப்பத்தெட்டு."
அவர் திரும்பி என்னைப் பார்த்தார்,
ஆரோ வைச்சிருந்த கடன் கொப்பியைக் கண்ட மாதிரி.

ஒரு ராத்திரி நெஞ்சில பட்டி, விரலில கிளிப்.
மணித்தியாலத்துக்கு நாப்பத்தொரு தரமாம்.
நிறை குறையோணும். பின்னேரச் சாராயம் கூடாது,
நித்திரைக் குளிசை கூடவே கூடாது.
வெட்டலாம், எல்லாருக்கும் சரிவராது.
உங்களுக்கு மெசின்தான்.
அதுமட்டும் லொறி ஓடக்கூடாது.
அந்தக் கடைசி வரிக்குத்தான் ஆள் அழுதது.

பழைய பெனியன் முதுகில பொக்கற் வைச்சு
ரெனிஸ் பந்து ஒண்டைத் தைச்சன், ரெட்டைத் தையல்.
மல்லாந்தால் குத்தும், சரிஞ்சு படுப்பார்.
மூண்டு நாள்.
நாலாம் நாள் பந்துக்கு மேலயே படுத்துக் குறட்டை.

காப்பு ரெண்டும் வங்கியில. மெசின் வீட்டில.
மூக்கில மூடி, குழாய்,
அட்டை பிடிக்கப் போற சுழியோடி மாதிரி.
முதல் கிழமை பிடுங்கி எறிஞ்சார்.
பட்டி கன்னத்தை அறுக்குதாம்.
பருத்தித் துணி வைச்சுப் பட்டிக்கு உறை தைச்சன்.

பிறகு ஒரு இரவு எண்ணத் தொடங்கினன்,
ஒண்டு, ரெண்டு,
எங்க விட்டனெண்டு தெரியாது.

அந்தோனியார் கோயில் மணி அடிச்சுக் கனநேரம்.
கன்னத்தில பட்டி அடையாளத்தோடை
தேத்தண்ணி கொண்டுவந்து கட்டிலடியில நிண்டார்.
"ரோஸ்மலர், நீயும் விடுறாய்."
"ஆர், நானோ?"
"நல்லா."

அவர் குளிக்கப் போன உடன ரேப்பை எடுத்தன்.
பதினாலேகால்.
கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சன்.
பதினாலு.